பஞ்சுவுக்கு ஈரல், எங்களுக்கு ஈரக்குலை

பச்சப் பொய்யா? நான் சொல்றது பச்சப் பொய்யா? அடியே மாடி வீட்டுப் பொண்ணே, இந்த வீட்டுல பச்சையா இருந்தது கறி ஒண்ணுதான். பொய் இல்ல. நாய்க்குப் பயந்துக்கிட்டு ஒரு ஆம்பள பாத்ரூமுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருப்பானான்னு கேக்கற. உக்காந்திருந்தான். என் பையன்தான். பெத்தவ வாயால சொல்றேன், இதுல எனக்கென்ன பெருமையா?

"இந்த நாய்க்கா பயந்தாங்க?"ன்னு வேற சிரிக்கற. இதோ உன் கால் மேல தலைய வெச்சுக்கிட்டு குறட்ட விடுதே, இதே நாய்க்குத்தான். பேரு பஞ்சு. பேருக்கேத்த வீரம். குக்கர் விசில் அடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடும். தும்மினா, தும்மினது தான்தான்னு தெரியாம திரும்பிப் பாத்துக் குரைக்கும். வீட்டக் காவல் காக்கட்டும்னு கொண்டாந்தோம், கடைசில நாங்கதான் அதக் காவல் காத்தோம். இந்த நாயத்தான் வீட்ட விட்டே அனுப்பறதுக்கு வண்டிக்குச் சொல்லியாச்சு. ஆமா, இதத்தான். அன்னிக்கு எனக்கு இருந்த படபடப்பு இருக்கே... இரு, மொதல்லேர்ந்து வரேன். நடுவுல பேசாத. பேசறதுக்கு நான் ஒருத்தி போதும்.

என் பையன் லிப்ட் இன்ஸ்பெக்டர். பெரிய பெரிய கட்டடத்துக்குப் போயி, குழிக்குள்ள இறங்கி, வடம் சரியா இருக்கா, பிரேக் பிடிக்குதான்னு பாக்கறது வேல. "இந்த லிப்ட் நல்லா இருக்கு, எல்லாரும் தைரியமா போகலாம்"னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இவன் படியில இறங்கி வருவான். அவ்வளவு தைரியசாலி. மருமக மூக்குக்கண்ணாடிக் கடையில கண்ணு சோதிக்கிறவ. அதிகம் பேசமாட்டா. பொய்யும் பேசமாட்டா. அதுல ரெண்டாவதுதான் ரொம்ப ஆபத்து, போகப்போகத் தெரியும்.

எல்லாம் எதிர் வீட்டு ஜிம் மாஸ்டரால வந்தது. நாங்க 'பச்சமுட்ட'ன்னு சொல்லுவோம். காலையில வாசல்ல நின்னுக்கிட்டு முட்டைய உடைச்சு அப்படியே தொண்டையில ஊத்திக்குவாரு. பாக்கற நமக்கு கொமட்டும். அவருதான் ஒரு நாள் என் பையன நிறுத்தி வெச்சு என்னமோ ஓதியிருக்காரு. வீட்டுக்குள்ள வந்தவன் நடையே வேற மாதிரி இருந்துச்சு. நெஞ்சு முன்னால வருது, வயிறு அதுக்கும் முன்னால வருது.

"இன்னையிலேர்ந்து பஞ்சுவுக்கு எல்லாமே பச்சை!"ன்னான்.

"நல்லதுடா. கீரையா?"ன்னேன்.

"கீரை இல்லம்மா. பச்சைக் கறி. வேகவைக்காதது. எலும்பு, ஈரல், இதயம்!"

மருமக துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. தலைய நிமிர்த்தாமலே கேட்டா. "யாரோட இதயம்?"

"கோழியோடது."

"சரி. வீட்டுல இருக்கறவங்களோடதுன்னு நெனச்சேன்."

"கிண்டல் பண்ணாத. நாய்ங்கறது யாரு தெரியுமா? ஓநாய். ஓநாய்லேர்ந்து அந்த 'ஓ'வ எடுத்துட்டா நாய். அவ்வளவுதான் வித்தியாசம்."

"அந்த 'ஓ' எங்கங்க போச்சு?"

"நாமதான் சோத்தப் போட்டுப் போட்டு அதக் கொன்னுட்டோம். நான் அத திரும்பக் கொண்டாரப் போறேன்."

"நாய் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவரே வெந்தது சாப்பிடற ஆளு. அவருக்கு என்ன தெரியும்?"

மருமக மடிச்ச துணிய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அவ ஒரு விஷயத்துல பேசறத நிறுத்திட்டான்னா அத முடிச்சுடப் போறான்னு அர்த்தம். இது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. கட்டிக்கிட்டவன் அவன், தெரிஞ்சுக்கிட்டவ நான்.

பச்சையா சாப்பிடறதுன்னதும் என் நாத்தனா ஞாபகம் வருது. அவ ஒரு காலத்துல அடுப்பே பத்த வெக்கமாட்டேன்னு சபதம் போட்டா. கேரட்டு, முட்டைக்கோசு, வெள்ளரிக்கா, எல்லாம் அப்படியே. வீட்டுக்குப் போனா நறுக்கு நறுக்குன்னு சத்தம் மட்டும்தான் கேக்கும், பேச்சே கேக்காது. பக்கத்து வீட்டுல ஒரு ஆடு இருந்துச்சு. இவ தலையக் கண்டா அந்த ஆடு அதோட எலைய இழுத்துக்கிட்டு மூலைக்குப் போயிடும். கடைசில அவ புருஷன் சாப்பாட்டுக்கு எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாரு. வந்தவரு போகவே இல்ல. அது கிடக்கட்டும், அத இன்னொரு நாள் சொல்றேன்.

மறுநாளே பிரிட்ஜுல மேல் தட்டு பஞ்சுவோடது ஆயிடுச்சு. என் மூட்டுவலிக்கு வெக்கற ஐஸ் பை வெளிய வந்துடுச்சு, கோழி ஈரல் உள்ள போயிடுச்சு. நல்ல ஈரல், பளபளன்னு. கறிக்கடைக்காரர் "யாருக்குங்க விருந்து?"ன்னு கேட்டிருக்காரு. "நாய்க்கு"ன்னானாம். அதுலேர்ந்து அந்த மனுஷன் என் பையனக் கண்டா, "ஐயா சௌக்கியமா இருக்காருங்களா?"ன்னு நாயத்தான் விசாரிப்பாரு.

மொத வேள சாப்பாடு. எல்லாரும் சுத்தி நிக்கறோம். தட்டுல ஒரு ஈரல் துண்டு. பஞ்சு மோந்து பாத்துச்சு. என்னப் பாத்துச்சு. மருமகளப் பாத்துச்சு. என்ன தப்பு பண்ணேன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு அந்தப் பார்வ. அப்புறம் நுனிப்பல்லால மெதுவா தூக்கிக்கிட்டு உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல நாக்க நக்கிக்கிட்டே திரும்பி வந்துச்சு.

"பாத்தீங்களா! ஒரே முழுங்கு! ரத்தம் கூப்பிடுதும்மா, ரத்தம்!"ன்னு என் பையன் குதிக்கறான்.

மறுநாள் காலையில ஆபீஸ் கிளம்பறான். பூட்ஸுக்குள்ள கால விட்டான்.

"ஓ...!"

அவன் திரும்பக் கொண்டாரேன்னானே, அந்த 'ஓ' வந்துடுச்சு. ஆனா நாய் வாயிலேர்ந்து வரல. இவன் வாயிலேர்ந்து வந்துச்சு.

உள்ள சில்லுன்னு, வழவழன்னு, ஈரல். அப்படியே முழுசா. கால உதறின உதறுல அது பறந்து போயி சுவத்துல ஒட்டிக்கிச்சு. பஞ்சு ஓரமா உக்காந்து வால ஆட்டிக்கிட்டு இருந்துச்சு.

பிடிக்காதத ஒளிச்சு வெச்சிருக்குன்னு சின்னக் கொழந்தகூட சொல்லும். இவன் போயி பச்சமுட்டகிட்ட கேட்டான். அவரு தலைய ஆட்டி, கண்ண மூடி, மூச்ச இழுத்து விட்டாராம்.

"இது சாதாரணமில்ல தம்பி. ஓநாய் எப்பவும் தன் அடுத்த இரைய மொதல்ல அடையாளம் பண்ணி வெக்கும்."

"மாஸ்டர், அது என் பூட்ஸ்."

"அதான் தம்பி சொல்றேன்."

அன்னிக்கு வெளுத்த மூஞ்சி அப்புறம் கலர் ஏறவே இல்ல. அடுத்த நாள் அவன் தலகாணிக்கு அடியில ஒரு எலும்பு. அதுக்கும் அடுத்த நாள் அவன் அளவெடுக்கற கருவி வெக்கற பையில கோழிக் கழுத்து. குழிக்குள்ள இறங்கி டார்ச்சுன்னு நெனச்சு அத வெளிய எடுத்திருக்கான். கூட இருந்த ஆளு இன்னும் அந்தக் கட்டடத்துப் பக்கம் வரதில்லையாம். பேத்தி விடுமுறைக்கு அவ தாய்மாமன் வீட்டுக்குப் போயிருந்தா. போன் பண்ணி, "கொழந்த அங்கயே இருக்கட்டும் மச்சான், இங்க நிலவரம் சரியில்ல"ங்கறான்.

எனக்கு மட்டும் பயமில்லையான்னு கேக்காத. பயம் ஒட்டுவாரொட்டி. பக்கத்துல ஒருத்தன் நடுங்கிக்கிட்டே இருந்தா நமக்கும் குளுருது. பஞ்சு எப்பவும் என் கட்டில் காலடியிலதான் படுக்கும். அது என் கால நக்கினா முன்னல்லாம் பாசம்னு நெனப்பேன். இப்ப ருசி பாக்குதோன்னு தோணுது. ஒரே நாய்தான், ஒரே நாக்குதான். நம்ம நெனப்பு மாறினா நக்கறதுகூட நாலு விதமாத் தெரியுது பாரு.

இந்தப் பயமே அப்படித்தான். என் அக்கா வீட்டுக்காரருக்கு நாய்ன்னா ஆகாது. ஒருத்தர் வீட்டுக்குப் போயிருந்தோம், அங்க ஒரு கிழட்டு நாய், எந்திரிக்கவே எந்திரிக்காது. இவரு அதயே பாத்துக்கிட்டு பின்னாலயே நடந்து போயி நாற்காலியில உக்காந்தாரு. உக்காந்த வேகத்துல "கடிச்சுடுச்சு! கடிச்சுடுச்சு!"ன்னு ஒரே கூச்சல். வேட்டியத் தூக்கிப் பாத்தா பல்லுத் தடம் இருக்கு, அச்சடிச்ச மாதிரி. நாய் அந்தப் பக்கம் தூங்குது. அக்காதான் கண்டுபிடிச்சா. அவரு பொய்ப்பல்லக் கழட்டி சட்டையோட பின் பாக்கெட்டுல... இல்லல்ல, சட்டைக்கு ஏது பின் பாக்கெட்டு, வந்ததுமே அந்த நாற்காலியிலதான் வெச்சிருந்தாரு. அவரு பல்லே அவரக் கடிச்சிருக்கு. அதுக்கும் ஊசி போட்டுக்கணும்னு அடம்பிடிச்சாரு.

சிரிச்சாச்சா? சரி. இப்ப பாத்ரூமுக்கு வரேன்.

அன்னிக்கு அவனுக்கு லீவு. மருமக கடைக்குப் போயிட்டா. இவன் குளிக்கப் போனான். பஞ்சு எப்பவும் போல பாத்ரூம் வாசல்ல கிடக்கற மிதியடியில போயிப் படுத்துக்கிச்சு. ஈரமா குளுகுளுன்னு இருக்கும்ல, அதுக்காக. குளிச்சு முடிச்சவன் கதவ ஒரு விரக்கட திறந்தான். பஞ்சு அந்த நேரம் பாத்து வாயப் பொளந்து ஒரு கொட்டாவி விட்டுச்சு. கடவாப்பல்லு வரைக்கும் தெரிஞ்சுது. படார்னு கதவு மூடிச்சு.

"அம்மா! பல்லக் காட்டுதும்மா!"

"கொட்டாவிடா அது!"

"கொட்டாவி இல்லம்மா! வாயத் திறந்து அளவு பாக்குது!"

"எதுக்குடா அளவு?"

"எனக்குத்தாம்மா!"

அவன் போட்ட சத்தத்துல எனக்கும் பயம் தொத்திக்கிச்சு. வீட்டுல வேற யாருமில்ல. என் குரலக் கேட்டதும் பஞ்சு எந்திரிச்சு என் ரூமப் பாத்து வருது. நகம் தரையில டக்கு டக்கு டக்குன்னு. தினம் கேக்கற சத்தம்தான். அன்னிக்கு என்னமோ யாரோ எனக்காக எண்ணிக்கிட்டு வர மாதிரி இருந்துச்சு. வாசல்ல வந்து நின்னுச்சு. வாயில செவப்பா ஏதோ தொங்குது. கண்ணு என் மேலயே.

நான் கட்டில் மேல ஏறிட்டேன். சிரிக்காதடி. கோயில் படி ஏற முடியாத கால், கட்டில் மேல நிக்குது. முதுகு சுவத்தோட ஒட்டிக்கிச்சு. பஞ்சு முன்னங்கால ரெண்டையும் கட்டில் மேல போட்டுச்சு. கழுத்த நீட்டுச்சு. வாயில இருந்தத என் கால் விரல் மேல மெதுவா வெச்சுது. கோழி இதயம். என் இதயமும் அங்கயேதான் விழுந்துச்சு. எது என்னோடது எது கோழியோடதுன்னு குனிஞ்சு பாக்கக்கூட எனக்குத் தைரியமில்ல.

உள்ளேர்ந்து இவன் பொண்டாட்டிக்குப் போன் பண்றான். போனப் பாத்ரூமுக்கு எடுத்துட்டுப் போவாத, போவாதன்னு தலபாடா அடிச்சுக்குவேன், அன்னிக்கு அதான் உதவிச்சு. அவன் கத்தறது எனக்கே கேட்டுச்சு. அவ என்ன சொன்னான்னு அப்புறம் அவளே சொன்னா.

"ஈரக்குல நடுங்குதுடி!"

"பிரிட்ஜ ரொம்ப அதிகமா வெச்சிட்டீங்களா? கொஞ்சம் குறைங்க."

"அந்த ஈரல் இல்லடி! என்னோடது!"

"உங்களோடதயும் பிரிட்ஜுலயா வெச்சிருக்கீங்க?"

அதுக்குள்ள கடையில ஆள் வந்துடுச்சுன்னு போன வெச்சுட்டா. இவன் பச்சமுட்டயக் கூப்பிட்டான். அவரு இரும்பு குண்டு ஒண்ணத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. வந்தாரு, ஆனா வாசக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டாரு.

"உள்ள வாங்க மாஸ்டர்!"ன்னு கட்டில் மேலேர்ந்து கூப்பிடறேன்.

"வரலாம்மா. எனக்கொண்ணுமில்ல. ஆனா என் உடம்பு பூரா சத்து. அது என்னத்தான் மொதல்ல பாக்கும். உங்களக் காப்பாத்தறதுக்கு நான் உயிரோட இருக்கணும்ல?"

பொழுது சாஞ்சு மருமக வந்தா. வந்து பாத்தா, வாசல்ல ஒரு ஆம்பள இரும்பு குண்டோட. கட்டில் மேல நான், சுவத்துல வரைஞ்ச படம் மாதிரி. பாத்ரூமுக்குள்ள அவன். நடு வீட்டுல பஞ்சு வால ஆட்டிக்கிட்டு, இவங்கல்லாம் என்ன விளையாட்டு விளையாடறாங்கன்னு புரியாம நிக்குது. அவ நேரா உள்ள வந்தா. காகிதத்தால அந்த இதயத்த எடுத்தா. கையக் கழுவினா. "அத்தை, இறங்குங்க"ன்னு கையப் பிடிச்சு இறக்கி விட்டா. அப்புறம் பாத்ரூம் கதவத் தட்டினா.

"என்னங்க, குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"எப்ப?"

"காலையில."

அன்னிக்கு ராத்திரியே அவ சொல்லிட்டா. "இனிமே பஞ்சுவோட சாப்பாட நான் பாத்துக்கறேன். நீங்க வாங்கிட்டு வந்து குடுங்க, போதும்."

அவன் மூஞ்சில வந்த நிம்மதி இருக்கே! ஆனா ஆம்பளையாச்சே, விட்டுக்குடுப்பானா? "பச்சையாத்தான் நான் வாங்கிட்டு வருவேன்"ன்னான், வெரல ஆட்டிக்கிட்டு.

"பச்சையாவே வாங்கிட்டு வாங்க."

"உனக்கு பயமா இல்லையா?"

"உங்களக் கட்டிக்கிட்டதோட எனக்கு பயமெல்லாம் தெளிஞ்சுபோச்சுங்க."

அதுலேர்ந்து தினம் சாயந்திரம் சமையக்கட்டுக் கதவு மூடும். உள்ள அவளும் பஞ்சுவும். வெளிய இவன் காத கதவுல ஒட்ட வெச்சுக்கிட்டு நிப்பான். நான் அவனுக்குப் பின்னால நிப்பேன்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"சாப்பிட்டுச்சா?"

"துளி மிச்சமில்லங்க."

"அந்த ஈரல் எல்லாம் தீந்துச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரத்துல தீந்துடும்."

"என்னடி அங்க சொய்ங்னு சத்தம்?"

"நமக்கு வதக்கறேன்."

பாத்துக்க, ஒரு வார்த்த பொய் இல்ல. பூட்ஸுல ஈரல் வரது நின்னுபோச்சு. தலகாணி சுத்தமாச்சு. பஞ்சுவோட முடியும் பளபளன்னு ஆச்சு. "பாத்தியா, பச்சையோட மகிம!"ன்னு ஆபீஸ் பூரா சொல்லிட்டு வந்துட்டான். யாருக்கோ அவங்க வீட்டு நாய்க்கு எப்படிக் குடுக்கணும்னு புத்திமதி வேற. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே பெரிய நிபுணனாயிட்டான்.

எங்க சாப்பாடும் அப்பத்தான் எடுப்பா ஆச்சு. ஈரல் வறுவல்னா அது வறுவல். மிளகு தூக்கலா, வெங்காயம் செவந்து, வாயில வெச்சா கரையும். எனக்குப் பல்லு இல்லாத பக்கம்கூட சந்தோஷப்பட்டுச்சு. இவன் மூணாவது தடவ போட்டுக்கிட்டே கேட்டான். "இத எங்க வாங்கின? நான் நாய்க்கு வாங்கறதவிட நல்லாருக்கே!"

"அதே கட ஈரல்தாங்க."

"உனக்கு மட்டும் நல்லதாப் பாத்துக் குடுக்கறான் பாரு!"

இப்படியே போயிருந்தா வம்பே இல்ல. ஆனா சாப்பாட்டு நேரத்துல புதுசா ஒரு திகில் ஆரம்பிச்சுது. இவன் தட்டு முன்னால உக்காந்தா போதும், பஞ்சு எதிர்ல வந்து உக்காந்துக்கும். அசையாது. குரைக்காது. கண்ணக்கூடச் சிமிட்டாது. அவனையே பாக்கும். வாயோரம் நூல் மாதிரி எச்சில் இறங்கும். அவன் ஒரு வாய் வெப்பான், அது ஒரு முழுங்கு முழுங்கும். எனக்கே பாக்க உடம்பு சிலிர்க்கும். அப்படி ஒரு பார்வய நான் இந்த வயசு வரைக்கும் எந்த ஜீவன்கிட்டயும் பாத்ததில்ல.

"மாஸ்டர்கிட்ட கேட்டேம்மா"ன்னான், குரலக் கம்மி பண்ணி. "குறி வெச்சாச்சாம். இனி நேரம்தான் பாக்குதாம்."

மறுநாள்லேர்ந்து சாப்பிட உக்காரும்போது லிப்ட் குழிக்குள்ள போடற பூட்ஸு, தோல் கையுறை, தலையில மஞ்சத் தொப்பி. அந்தக் கையுறையோட சாப்பாடப் பிசைவான். பாதி வாய்க்குப் போகும், பாதி கையுறைக்குப் போகும். கால ரெண்டும் நாற்காலி மேல. மனுஷன் சாப்பிடறானா, கட்டடம் கட்டறானான்னு தெரியல.

அப்பத்தான் ஒரு காலையில, மருமக இல்லாத நேரம் பாத்து என்கிட்ட வந்து சொன்னான். ஊருக்கு வெளிய நாய்ங்கள வெச்சுப் பாத்துக்கற ஒருத்தர்கிட்ட பேசிட்டானாம். நாளைக்கு வண்டி வருதாம்.

"எதுக்குடா வண்டி?"

"பஞ்சு போகட்டும்மா. அது இப்ப நம்ம நாய் இல்ல."

எனக்கு அப்பத்தான் நெஜமான பயம் வந்துச்சு. இவ்வளவு நாளா அதப் பாத்து பயந்தவதான். ஆனா இந்தப் பயம் வேற. உங்க தாத்தா... என் வீட்டுக்காரரு போனதுக்கப்புறம் அந்த ரூமுல மூச்சு விடற சத்தம்னு ஒண்ணு இருந்தா அது பஞ்சுவோடதுதான். முழிப்பு வந்தா கால நீட்டிப் பாப்பேன். வெதுவெதுன்னு இருக்கும். சரி, இன்னும் யாரோ இருக்காங்கன்னு திரும்பிப் படுத்துக்குவேன். அந்த எடத்துல வெறும் தரையில கால் படறத நெனச்சுப் பாத்தேன். பல்லு இருக்கற நாயவிட, நாய் இல்லாத தரைதான் எனக்கு பயமா இருந்துச்சு.

"வேணாம்டா"ன்னேன்.

"அம்மா, நாளைக்கு அது உன் காலக் கவ்விடுச்சுன்னா?"

"ஒரு காலு எப்படியும் வேல செய்யல. அத எடுத்துக்கட்டும்டா."

கேக்கல. "அவகிட்ட சொல்லாதம்மா, நான் பக்குவமா சொல்லிக்கறேன்"னுட்டுப் போயிட்டான். பக்குவமாம்! அன்னிக்குப் பூரா பஞ்சுவ என் பக்கத்துலயே வெச்சுக்கிட்டேன். அது என் புடவ நுனியச் சப்பிக்கிட்டு கிடந்துச்சு. மருமக வந்ததும் வராததுமா அவ காதுல போட்டேன். என்னால மறைக்க முடியுமா? அவ கைப்பையக்கூட கீழ வெக்கல. "வண்டியா?"ன்னா. அவ்வளவுதான். நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டா. கதவு மூடிச்சு. சொய்ங்னு சத்தம் வந்துச்சு.

சாப்பாடு. இவன் தொப்பி, கையுறை, பூட்ஸு. தட்டுல வறுவல். எதிர்ல பஞ்சு. அதே பார்வ. நான் ஒரு வாய் வறுவல வெச்சுட்டு மெல்லாம உக்காந்திருக்கேன்.

"பாத்தியா?"ன்னான் பொண்டாட்டிகிட்ட. "எப்படிக் குறி வெக்குது பாரு. அதனாலதான் நான் ஒரு முடிவு..."

"தட்டக் கொஞ்சம் இடது பக்கம் நகத்துங்க."

"எதுக்கு?"

"நகத்துங்களேன்."

நகத்தினான். பஞ்சுவோட கண்ணு இடது பக்கம் போச்சு.

"இப்ப வலது பக்கம்."

கண்ணு வலது பக்கம் வந்துச்சு. கூடவே எச்சில் நூலும் வந்துச்சு.

"இப்ப தட்ட அப்படியே வெச்சுட்டு, நீங்க மட்டும் எந்திரிச்சு கதவுகிட்ட போங்க."

"அது பாஞ்சுடும்டி!"

"அத நான் பாத்துக்கறேன். போங்க."

கால மெதுவா கீழ விட்டு எந்திரிச்சான். நாற்காலி கீச்சுன்னுச்சு. பின்னாலயே நடந்து கதவு வரைக்கும் போயிட்டான். போயி நின்னு, ஒரு கைய நெஞ்சுல வெச்சுக்கிட்டு, கண்ண இடுக்கிக்கிட்டுப் பாத்தான். பஞ்சு திரும்பிக்கூடப் பாக்கல. தட்டயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு.

கண்ணாடிக் கடையில வரவங்களக் கேக்கற அதே குரல்ல மருமக கேட்டா. "இப்ப தெளிவாத் தெரியுதா?"

"என்ன... என்ன தட்டுல?"

"பஞ்சுவோட ஈரல்."

நான் வாயில வெச்சிருந்தத முழுங்கறதா துப்பறதான்னு தெரியாம முழிச்சேன். என்கிட்டயும் சொல்லல பாத்தியா அந்தக் கழுத!

"பாத்ரூம் கூத்து நடந்த அன்னைக்கிலேர்ந்து நீங்க அதுக்கு வாங்கிட்டு வந்ததெல்லாம் இந்தத் தட்டுலதான் வந்துச்சு"ன்னா. "அது பச்சையா சாப்பிடல. ஒளிச்சு வெச்சுது. பூட்ஸ், தலகாணி, அத்தை காலு. அதுக்கு நம்பிக்கையான எடத்துல கொண்டு போயி வெச்சுது, அவ்வளவுதான். வதக்கின வாசன வந்தாத்தான் அதுக்கு வாயூறுது. மிளகு வெங்காயமெல்லாம் அதுக்கு ஆகாதேன்னு நான் குடுக்கல. பாவம், வெறுமன பாத்துக்கிட்டு இருக்கு."

"அப்ப பஞ்சு என்னதான் சாப்பிட்டுச்சு?"

"பழைய மாதிரி. வெந்த சோறும் முட்டையும்."

"நீ... நீ குடுத்துட்டேன்னு சொன்னியே!"

"குடுத்தேன். ஈரல்னு சொல்லலையே."

"துளி மிச்சமில்லன்னு சொன்னியே!"

"உங்களுக்கு என்னிக்காவது மிச்சம் இருந்துச்சா?"

"அப்ப ஏண்டி அன்னைக்கே சொல்லல? நான் எவ்வளவு பயந்து போயிருந்தேன்!"

"நீங்க பயந்துக்கிட்டு இருந்தப்பத்தாங்க பூட்ஸ அலமாரியில வெச்சீங்க. சோபால கால் நீட்டிப் படுக்கல. சாயந்திரமானா இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு வந்தீங்க. நல்லாத்தான இருந்துச்சுன்னு விட்டுட்டேன். வண்டின்னதும்தான் சரி போதும்னு தோணிச்சு. இப்பவே அந்த ஆளுக்குப் போன் பண்ணி வர வேணாம்னு சொல்லுங்க."

போன எடுத்தான். கையுறையோட நம்பர் அழுத்த வரல. அவளே கையுறையக் கழட்டி விட்டா. "ஆமாங்க, வேணாங்க... இல்லங்க, கடிக்கல... இல்லங்க, யாரையும் கடிக்கல"ன்னு மெல்லிசாப் பேசிட்டு வெச்சான். எனக்கு உயிர் வந்துச்சு. பஞ்சுவ இழுத்து மடியில போட்டுக்கிட்டேன். அது அப்பவும் தட்டத்தான் பாக்குது, பாசமாவது ஒண்ணாவது.

இவன் திரும்ப வந்து உக்காந்தான். தொப்பியக் கழட்டினான். தட்டப் பாத்தான். நாயப் பாத்தான். தட்டப் பாத்தான். மானம் ஒரு பக்கம் இழுக்குது, மிளகு வாசன ஒரு பக்கம் இழுக்குது. மானம்தான் எளச்சது. தட்ட வழிச்சு சாப்பிட்டு முடிச்சான். அப்புறம் தலைய நிமிர்த்தாமலே, கொழந்த மாதிரி கேக்கறான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கா?"

"இருக்கு"ன்னா மருமக. "ஆனா அது பஞ்சுவோடது. அதுகிட்டயே கேட்டுக்கங்க."

கேட்டான்டி! குனிஞ்சு, அந்த நாய் மூஞ்சப் பாத்துக் கேட்டான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். இப்பச் சொல்லு, பொய்யா? இத இட்டுக்கட்டிச் சொல்ல எனக்கென்ன வேற வேலயா இல்ல?

என்ன, எந்திரிக்கற? வாசன வருதுல்ல? உக்காரு, உக்காரு. இன்னைக்கு அவன்தான் அடுப்புகிட்ட நிக்கறான். பஞ்சுவுக்குன்னு மிளகு, வெங்காயம், உப்பு எதுவும் போடாம தனியா வேகவெக்கக்கூடக் கத்துக்கிட்டான். டேய்! மாடி வீட்டுப் பொண்ணு வந்திருக்குடா! அந்த ஈரல் தட்ட இப்படி உள்ள கொண்டா! பஞ்சுவோடத மொதல்ல கொண்டாடா, உன்னோடது அப்புறம்!